கல் இறங்கும் ஊர்

பகல் வெயிலின் மின்சாரம் பழைய தங்கச் சுரங்கக் குழியிலிருந்து பெருங்கல்லைத் தூக்கி நிறுத்தும். ராத்திரி அது இறங்க இறங்கத்தான் ஊரில் விளக்கெரியும். ஊர் எரிக்கிற அளவுக்குத்தான் கல்லும் இறங்கும்.

கல் குழியின் அடியைத் தொடுவதற்குள், அதை இயக்கும் அற்புதமேரி தினமும் விசையை நிறுத்திவிடுவாள். ஊர் இருண்டுவிடும்.

"ஏம்மா மிச்சம் வைக்கிறீங்க?" என்று காலையிலேயே கேட்டார் புது அதிகாரி.

"பாறை சரிஞ்சப்ப எங்கப்பா, இன்னும் எத்தனையோ பேரு அடியிலேயே தங்கிட்டாங்க சார். அவங்க தலைமேலயா இறக்கறது?"

"இன்னைக்கு அடிவரைக்கும் போகணும்."

ராத்திரி அவரே பக்கத்தில் வந்து நின்றார். அற்புதமேரி விசையைத் தொடவில்லை. ஆனாலும் வழக்கமான இடம் நெருங்க, கல்லைத் தாங்கும் வடத்தின் முனகல் தணிந்துகொண்டே வந்தது.

அதிகாரி பதறி ஜன்னலைத் திறந்தார். ஊரார் வீடு வீடாக விளக்கை அணைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவருடைய குவார்ட்டர்ஸ் மட்டும் எரிந்தது.

அவர் மனைவி அதையும் அணைத்தாள். கல் நின்றது.