ஆட்டம் பார்க்கும் அறை

"ஒரே ஒரு வார்த்தை, கோச். நீங்க சொன்னா இந்த ஊர் கேக்கும்."

நெல்டா இதற்கு முன் யாரிடமும் கெஞ்சியதில்லை. கார்வெல் பள்ளி நூலகத்தை இத்தனை வருடம் தனி ஆளாகத் தாங்கி வந்தவள். மழை பெய்தால் கூரை ஒழுகும். புத்தகம் எடுக்க வரும் பிள்ளைகள் வாளிகளைத் தாண்டித்தான் அலமாரிக்குப் போக வேண்டும். இந்த முறையும் ஊர் கைவிட்டால் நூலகத்தை மூடிவிடுவார்கள்.

வரப்போகும் ஊர் வாக்கெடுப்பின் ஓட்டுச் சீட்டில் இரண்டு கேள்விகள். நூலகத்தைப் பழுது பார்க்க வரி தரச் சம்மதமா? பள்ளி ஃபுட்பால் அணிக்குப் புதுக் கட்டடம் கட்ட வரி தரச் சம்மதமா?

கோச் ராய்ஸ் டன்லப் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"நூலகத்தைப் பத்தி நான் வாயைத் திறக்கப் போறதில்லை, மிஸ் நெல்டா. தப்பா எடுத்துக்காதீங்க."

சொன்ன சொல் தவறவில்லை. அன்று மாலை ஊர்க் கூட்டத்தில் எழுந்து, "போன வருஷம் பக்கத்து ஊர் மெட்லிகிட்ட ஏன் தோத்தோம்?" என்று மட்டும் கேட்டார். கூட்டம் கொதித்துவிட்டது. புதுக் கட்டடம் வேண்டும், அதில் பழைய ஆட்டங்களைத் திரையில் போட்டுப் பார்க்கப் பெரிய அறை வேண்டும் என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

டெக்சாஸில் கார்வெல் மாதிரி ஊரில் வெள்ளிக்கிழமை மாலை என்றால் ஃபுட்பால்தான்; அன்று ஒருவர் செத்துப்போனாலும், ஆட்டம் முடிந்த பிறகுதான் அழுவார்கள்.

ஃபுட்பால் ஜெயித்தது. நூலகம் தோற்றது. "வரி கட்டியே மாளலை" என்று நூலகத்துக்கு எதிராக ஓட்டுக் கேட்டு அலைந்த தீவனக் கடை ஹோமர், மறுநாளே கடை வாசலில் அணியின் கொடியைக் கட்டினார்.

புத்தகங்கள் அட்டைப்பெட்டிகளில் அடைபட்டுப் பள்ளிப் பேருந்துக் கொட்டகைக்குப் போயின. நெல்டாவைச் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு எடுத்துக் கொடுக்கப் போட்டார்கள். அதுவும் அந்தப் படிப்பு வருடம் முடியும் வரைதான்.

"நாலு பசங்க பந்தைப் பிடிக்கறதைப் பார்க்க ஒரு அறையாம். அந்த மனுஷனுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?" என்று சமையற்கார வாண்டாவிடம் பொருமுவாள்.

புதுக் கட்டடத்தின் வரைபடத்தை வங்கி வாசலில் மாட்டியிருந்தார்கள். ஊரே நின்று பார்த்துவிட்டுப் போனது. நெல்டா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கோடை விடுமுறையின் கடைசியில் கோச் போன் செய்தார்.

"கட்டடம் முடிஞ்சிருச்சு. காலைல ஒரு நடை வந்துட்டுப் போங்களேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனாள். பளு தூக்கும் கூடத்தைத் தாண்டினால் ஒரு கதவு. மேலே 'ஆட்டம் பார்க்கும் அறை' என்று பலகை. கோச் கதவைத் திறந்துவிட்டார்.

ஒரு சுவரில் திரை. மற்ற மூன்று சுவர்களிலும் தரையிலிருந்து கூரை வரை புத்தக அலமாரி.

அணிப் பையன்கள் அவளுடைய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வாசலையே அடைக்கிற அளவுக்கு ஆகிருதியான ஒருவன் மட்டும் அடுக்குகிற வேலையை மறந்து, தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தான்.

நெல்டா பக்கத்து அலமாரியைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது... எப்போ..."

"வரைபடத்துலயே இருந்துச்சே. பேங்க் வாசல்ல தொங்குச்சு. எல்லாரும் ஸ்கோர் போர்டு எவ்வளவு பெரிசுன்னுதான் பார்த்தாங்க. நீங்களும் பார்க்கலை போலிருக்கு."

சுருக்கென்றது அவளுக்கு.

"கூட்டத்துல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, கோச்?"

"சொல்லியிருந்தா ரெண்டும் சேர்ந்து முழுகியிருக்கும். நான் இந்த ஊர்லயே பொறந்து வளர்ந்தவன்."

"எல்லாப் பிள்ளைங்களும் வரலாமா? இல்லை, உங்க ஆளுங்க மட்டுமா?"

"என் அணி மட்டும்தான். ஆனா அணியில சேராத பிள்ளை யாரு? ஆடறதுக்குச் சில பேர், வாத்தியம் வாசிக்கச் சில பேர். மிச்சம் இருக்கிறது எல்லாம் கத்தறதுக்கு. ஒண்ணாம் கிளாஸ் பசங்க ரொம்ப நல்லா கத்துவாங்க."

நெல்டா சிரித்துவிட்டாள். உடனே முகம் வாடியது.

"நீங்க நல்லா இருக்கணும். ஆனா இதை யாரை வெச்சுப் பார்த்துக்கப் போறீங்க? எனக்குத்தான் வேலை போயிருச்சே."

நாற்காலியில் தொங்கிய அணிச் சட்டையை எடுத்து நீட்டினார். முதுகில் 'உதவிக் கோச்' என்று தைத்திருந்தது.

"பாடத்துல தோத்தவன் மைதானத்துல இறங்கக் கூடாதுன்னு சட்டம். முந்தின வருஷம் ரெண்டு பேர் இங்கிலீஷ்ல கவுந்து ஆட முடியாமப் போச்சு, அதான் மெட்லிகிட்ட தோத்தோம். இவங்களைப் படிக்க வைக்க ஒரு கோச் வேணும்னு பள்ளிக் கமிட்டிகிட்ட கேட்டேன். மறுபேச்சு பேசலை."

சட்டை அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது. நீளமான கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்த மனிதரை ஒரு வருடமாக என்னவெல்லாம் பேசியிருக்கிறோம் என்று நினைத்தால் வெட்கமாக இருந்தது. ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. நிமிர்ந்து கதவைப் பார்த்தாள்.

"வெளியே அந்தப் பலகையை மாத்திடலாமா? அழகா 'நூலகம்'னு எழுதி நானே..."

யார் காதிலாவது விழுந்ததா என்று கோச் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அதுல மட்டும் கை வைக்காதீங்க, கோச். ஊரே வந்து பணத்தைத் திருப்பிக் கேக்கும்."