அரசி சிஸ்டரின் வளைகாப்பு

அரசி சிஸ்டர் தன் கையிலிருந்து இரண்டு கண்ணாடி வளையல்களைக் கழற்றி அவளிடம் நீட்டினாள்.

"போட்டுக்கோடி. கல்யாணமாகி நாலு வருஷமாச்சு. சாமி இனியாவது கண்ணத் தொறக்கட்டும்."

நர்ஸ்கள் அறையே ஆமாம் போட்டது. பிள்ளையில்லாதவளுக்கு வளைகாப்புக்காரி தன் வளையலைக் கொடுத்தால் சீக்கிரமே கரு தங்கும் என்பார்கள்.

அவளுக்குத் தங்கி ஐந்து மாதம் ஆகிறது.

இங்கே யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது.

அவளுடையது பதினோரு மாத ஒப்பந்தம். வரும் வெள்ளிக்கிழமை புதுப்பிக்க வேண்டும். போன வருடம் வயிறு தெரிந்த ஒருத்தியின் பெயர் கண்காணிப்பாளரின் புதுப்பிப்புப் பட்டியலில் வரவில்லை. ஏனென்று அந்த ஆஸ்பத்திரியில் ஒருவரும் கேட்கவில்லை. இவளும்தான் கேட்கவில்லை.

அதனால்தான் இந்தத் தொளதொளத்த வெள்ளைக் கோட்டு. குமட்டினால் பித்தம் என்று சமாளிப்பு.

அரசியின் கன்னமெல்லாம் சந்தனம். நாளையிலிருந்து ஒரு வருடம் சம்பளத்தோடு விடுப்பு. திரும்பி வந்தால் அதே நாற்காலி காத்திருக்கும்.

பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் வைத்து என்ன பயன்?

இருவரும் படித்தது ஒரே கல்லூரி. பார்ப்பது ஒரே வார்டு. அரசி முடித்த வருடம் நிரந்தரமாக ஆளெடுத்தார்கள். இவள் முடிப்பதற்குள் எல்லாம் ஒப்பந்தம் என்று ஆக்கிவிட்டார்கள். இரண்டு வருடம் முந்திப் பிறந்தது பெரிய சாமர்த்தியமா?

அரசிக்குச் சம்பளம் மூன்று மடங்கு. அதைக்கூட இவள் எப்படியோ விழுங்கிக்கொண்டாள். அந்த வயிற்றைத் தள்ளிக்கொண்டு எல்லார் முன்னாலும் நடக்கிறாளே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

வளையல்களை வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

"ஒங்க வாய் முகூர்த்தம் பலிக்கட்டும்க்கா" என்று சிரிக்கவும் செய்தாள்.

வெளியே கர்ப்பிணிகள் வரிசை. ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட்டு எடை பார்த்து எழுத வேண்டும். பெஞ்சில் இருந்த ஒரு பெண் அவள் நடந்து வருவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நகர்ந்து இடம் விட்டாள்.

"செத்த உக்காருங்க சிஸ்டர். ஒங்களுக்கு எத்தன மாசம்?"

யாராவது கேட்க மாட்டார்களா என்று ஐந்து மாதமாய் ஏங்கிய கேள்வி. சொல்ல வாயெடுத்தாள்.

பக்கத்துக் கதவில் கண்காணிப்பாளர் நின்றிருந்தார்.

"எனக்கு ஏதும்மா அந்தக் கொடுப்பினை" என்றாள், அவர் காதில் நன்றாக விழும்படி.