அச்சு அசல்

"இது அவுக இல்ல, தம்பி" என்றாள் அம்மா.

பால்பாண்டி அண்ணன் மவுஸை நகர்த்தினார். திரையில் இருந்த தாடை காணாமல் போனது. அப்பாவின் நெற்றியும் கண்களும் மட்டும் மிச்சமாக நின்றன.

விளாங்குடியில் அவருடையது சின்ன ஃபிளெக்ஸ் கடை. ஏசி ஓடியும் உள்ளே மை நெடி. பின்னால் மெஷின் யார் வீட்டுக் காதுகுத்துக்கோ பேனர் அடித்துக்கொண்டிருந்தது.

நாளை மறுநாள் அப்பாவுக்குக் கருமாதி.

இறந்த அன்று அவசரத்தில் அடித்த பேனரில், அப்பா வாயைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தார். புற்றுநோய்க்காக இடது தாடையை எடுத்த பிறகு, துண்டு இல்லாமல் அவர் யார் முன்னாலும் வந்ததில்லை. மேலூரிலிருந்து வந்த பழைய நண்பர் ஒருவர், அந்தப் பேனருக்குக் கீழேயே நின்றுகொண்டு, அப்பா பெயரைச் சொல்லி, நல்லகாமன் வீடு எது என்று விசாரித்தார்.

அது அம்மாவின் காதில் விழுந்துவிட்டது.

"கருமாதிக்காவது முழு மொகத்தோட நிக்கட்டும்" என்று சொல்லித்தான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

முழு முகத்துக்குத்தான் படம் இல்லை.

வீட்டில் எல்லாப் படங்களையும் எடுத்தவர் அப்பா. எந்த விசேஷமானாலும் அவர்தான் எல்லாரையும் வரிசையாக நிறுத்துவார். "சிரிக்கிறவுக மட்டும் நில்லுங்கப்பா, மத்தவுக பந்திக்குப் போங்க" என்பார். பந்திக்குக் கிளம்பியவர்களும் சிரித்துவிடுவார்கள். அந்தச் சிரிப்புகள் எல்லாம் எங்கள் ஃபோன்களில் இருக்கின்றன. எதிலும் அப்பா இல்லை.

கல்யாணப் படத்தில் இருப்பவருக்கு மீசையே அப்போதுதான் அரும்பியிருந்தது. ஆதாரில் இருப்பவரை அப்பா என்று எங்களாலேயே சத்தியம் செய்ய முடியாது.

துண்டு கட்டிய படத்தில்தான் கண்கள் சரியாக இருந்தன. சிரிக்கிற கண்கள். பால்பாண்டி அண்ணன் துண்டை அழித்துவிட்டு, வேறு வேறு ஆட்களின் தாடையைக் கீழே வைத்துவைத்துப் பார்த்தார்.

"இது திருநகர் வாத்தியார் ஒருத்தரோடது, மதினி. ரிட்டையர்மென்ட்டுக்கு அடிச்சது. நல்ல தாடை."

"அதான் அதட்டப் போற மாதிரி இருக்கு. அவுகளுக்கு அதட்டத் தெரியாதுய்யா."

அடுத்து வந்தது ஒரு கல்யாண மாப்பிள்ளையின் தாடை. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த நேரத்தில் சமையல்காரர் ஃபோன் செய்தார். எத்தனை பேருக்கு இலை போட வேண்டும் என்று கேட்டார். அம்மா பேசிக்கொண்டே வெளியே போனாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், பஸ் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்தபோது திரையில் அப்பா இருந்தார்.

கதவைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். ஏசிக் காற்று அவளைத் தாண்டித் தெருவுக்குப் போனது.

பிறகு கிட்டே வந்து, திரையில் விரலை வைத்தாள். கீழுதட்டில் தொடங்கி, முகவாயைச் சுற்றி, இடது காதுவரை கொண்டுபோனாள். அந்தப் பக்கத்தில் அவள் இவ்வளவு நாளும் பஞ்சும் மருந்தும்தான் வைத்திருந்தாள்.

"அவுகதான்" என்றாள். "இந்தா, சிரிச்சா ஒரு பக்கம் இப்பிடித்தான் கோணும். நான் கேலி பண்ணிக்கிட்டே இருப்பேன்."

அழவில்லை. அப்பா போன பிறகு அவள் முகம் அவ்வளவு லேசாக இருந்து நான் பார்த்ததில்லை.

"எந்தப் போட்டோல தம்பி கெடைச்சது?"

பால்பாண்டி அண்ணன் என்னைப் பார்த்தார். சொல்ல வேண்டாம் என்று முன்பே கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால், செய்த வேலையில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

"போட்டோவுக்கு எங்க போறது, மதினி. ஒங்க பாப்பாவ மாஸ்க்கக் கழட்டச் சொல்லி என் ஃபோன்லயே எடுத்தேன். சிரிக்கத்தான் மாட்டேன்னுச்சு. அண்ணன் சொல்றதையே சொன்னேன், சிரிக்கிறவுக மட்டும் நில்லுன்னு. அச்சு அசல் அண்ணன் தாடை. மீசையும் நரையும் மட்டுந்தான் நான் போட்டது."

அம்மா திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

அந்த லேசு அவள் முகத்தைவிட்டுப் போனது.

ஆஸ்பத்திரி நாட்களிலிருந்து எனக்கு மாஸ்க் பழகிவிட்டது. யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்பது ஒரு வசதி. படம் எடுத்ததும் திரும்பப் போட்டிருந்தேன். அம்மா அதைக் கீழே இழுத்தாள். முகவாயைப் பிடித்து ட்யூப்லைட் பக்கம் திருப்பினாள்.

முத்தம் கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

அப்பாவுக்கு அது வாய்ப்புண்ணாகத்தான் தொடங்கியது. வெற்றிலைகூடப் போடாதவர். வயிற்றுச் சூடு என்றாள் அம்மா. தினமும் மணத்தக்காளிக் கீரை வைத்தாள், தேங்காய்ப்பால் பிழிந்து கொடுத்தாள். எரிகிறது என்றபோது குழம்பில் காரத்தைக் குறைத்தாள். மாதக்கணக்கில் இப்படி எல்லாம் செய்தாள். வாயைத் திறக்கச் சொல்லி ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

அப்பாவிடமிருந்து தாடை வந்த வழியாக அந்த நோய் வராது. நான் உயிர்வேதியியல் படித்தவள். அதை அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்ல என்னால் முடியும்.

அவள் ஃபோனில் டார்ச்சைப் போட்டாள். வெளிச்சத்தை என் உதட்டுக்கு நேரே பிடித்தாள்.

"வாயத் தொற."

பால்பாண்டி அண்ணன் நாற்காலியை அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொண்டார்.

திறந்தேன்.

"நல்லாத் தொற. நாக்கத் தூக்கு."