நடந்த பின் எழுதிய குறிப்பு

தாள் வெறுமையாக இருந்தது.

மேடைக்குக் கீழே, தட்டச்சு இயந்திரத்தில் செருகி வைத்திருந்தார்கள். மேடையில் தலைமை இருக்கையிலிருந்து அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாற்பத்தைந்து ஆண்டுகளாக இந்தச் சட்டமன்றத்தின் கூட்டக் குறிப்பை முந்தைய நாளே தட்டச்சு செய்துவிடுவார்கள். கட்சி அனுப்பும் வாசகம். 'ஒருமனதாக நிறைவேறியது. நீண்ட கரவொலி.' மறுநாள் உறுப்பினர்கள் வந்து கை தூக்குவார்கள்.

பதினோரு ஆண்டுகள் அதைத் தட்டச்சு செய்தவள் அவர் மனைவி ரூட்டா.

"ஒரு நாளாவது நடந்ததுக்கு அப்புறம் எழுதணும்," என்பாள்.

நவம்பரில் அவளைப் புதைத்தார்கள். அவர் அழவில்லை. மறுநாள் தேர்தல் கூட்டத்தில் பேசினார்.

இப்போது மார்ச். அவர் அவைத் தலைவர். கையில் ஒரே ஒரு தீர்மானம். தன்னை விழுங்கி வைத்திருந்த பெரிய ஒன்றியத்திலிருந்து இந்தச் சின்ன நாடு பிரிகிறது.

வாசித்து முடிப்பதற்குள் பாதிக் கைகள் உயர்ந்துவிட்டன. பழைய பழக்கம்.

"இறக்குங்க. நான் இன்னும் கேக்கவே இல்ல."

சிரிப்பு. கைகள் இறங்கின.

கேட்டார்.

நூற்று இருபத்துநான்கு.

"எதிர்க்கிறவங்க?"

இந்தக் கேள்விக்குப் பிறகு இங்கே யாரும் காத்திருந்ததில்லை.

அவர் காத்திருந்தார்.

கடைசி வரிசையில் ஒரு கை. சுரங்க ஊரின் உறுப்பினர், ஹெல்யா.

"கையக் கீழ போடும்மா, ஊரே பாக்குது," என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.

"என் ரெண்டு பசங்களும் ஒன்றியத்துப் பட்டாளத்துல இருக்காங்க. நீ போய்க் கூட்டிட்டு வருவியா?"

மன்றம் இரைந்தது. அவர் மணியடித்தார்.

"எதிர்ப்பு ஒண்ணு. எழுதுங்கம்மா," என்றார் தட்டச்சுப் பெண்ணிடம். பிறகு எல்லோருக்குமாக, "இன்னைக்குத்தான் நாம ஓட்டுப் போட்டிருக்கோம்."

விசைகள் ஒலித்தன.

நடந்ததற்குப் பிறகு.

"தீர்மானம் நிறைவேறியது. நம் நாடு சுதந்திர நாடு."

யாரும் கை தட்டவில்லை. எழுந்து நின்றார்கள். ஹெல்யாவும் எழுந்தாள். வெளியே சதுக்கத்தில், ஒலிபெருக்கியின் கீழே காலையிலிருந்து பனியில் நின்ற கூட்டம் ஆர்ப்பரித்தது. ஜன்னல்கள் அதிர்ந்தன.

தட்டச்சுப் பெண் தயங்கினாள்.

"நீண்ட கரவொலின்னு போடவா, ஐயா?"

"நடந்ததப் போடுங்க."

அவள் அடித்தாள்.

'அனைவரும் எழுந்து நின்றனர். பலர் அழுதனர்.'

நிமிர்ந்து ஒரு முறை அவரைப் பார்த்தாள்.

பிறகு இன்னும் இரண்டு சொற்கள்.

'அவைத் தலைவரும்.'