கடலிலிருந்து மூன்றாவது வீடு

செங்கொடி மைக்கைக் கையில் வாங்கிய நேரம் பார்த்து, மேடையில் கட்டியிருந்த வெள்ளைத் துணியில் அவள் புருஷன் வீடியோ காலில் தெரிந்தான்.

அவன் மட்டுமல்ல. மலைமேல் ராணுவ முகாமில் பெஞ்சுகளில் வரிசையாக, மண்டபத்தில் இருந்த அத்தனை பெண்களின் புருஷன்மாரும் கம்பளிக் குல்லாவும் சிரிப்புமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"உங்க எல்லாருக்கும் ஒரு சர்ப்ரைஸ்" என்றார் கர்னல்.

நல்ல மனிதர். கெட்டவர்களிடம் மாட்டிக்கொண்டால் சண்டை போட்டாவது வெளியே வரலாம். நல்லவர்களிடம் அதுவும் முடியாது.

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை உள்ள ராணுவக் குடும்பங்களின் குறைகளைக் கேட்க அவரை இந்தக் கல்யாண மண்டபத்துக்கு வரவழைத்ததே செங்கொடிதான். அதற்காக அவள் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. விம்கோ நகரில் தொழிற்சங்கம் நடத்திய அப்பா சும்மாவா அவளுக்கு அந்தப் பெயரை வைத்தார்.

யார் என்ன பேசுவது என்று காலையில்கூட எல்லாரும் ஒத்திகை பார்த்திருந்தார்கள்.

ஆனால் அந்தப் பெண்களுக்குள் பழைய சட்டம் ஒன்று இருந்தது. மலையில் இருப்பவனிடம் கெட்ட சேதி சொல்லக் கூடாது. துப்பாக்கி பிடிக்கிறவன் மனசு இங்கே அலைந்தால் அங்கே என்ன ஆகுமோ, யார் கண்டது. போன் வந்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி, சிரித்து, வைத்துவிட வேண்டும். அழுகையெல்லாம் அதற்கப்புறம்.

புதிதாகக் கல்யாணமாகி வருகிற பெண்களை உட்காரவைத்து இதைச் சொல்லிக்கொடுப்பதும் செங்கொடிதான்.

அவள் மைக்கைப் பக்கத்திலிருந்த மெஹ்னாஸிடம் தள்ளினாள்.

மெஹ்னாஸின் மகளுக்கு நான்கு வயதாகியும் பேச்சு வரவில்லை. படைக் குடும்பங்களுக்கான ஆஸ்பத்திரி ஊரின் மறுகோடியில். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ்ஸில் நசுங்கிப் போய்ச் சேருவதற்குள் டாக்டர் எழுந்து போய்விடுவார். இந்தப் பக்கம் ஒரு டாக்டரை உட்காரவையுங்கள் என்று கேட்கத்தான் அவள் வந்திருந்தாள்.

மெஹ்னாஸ் திரையைப் பார்த்தாள். அவள் புருஷன் கையாட்டினான்.

"ஒரு கொறையும் இல்ல சார்" என்றாள்.

அடுத்தவளும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவளும். கர்னல் முகம் மலர்ந்துகொண்டே போனது. ஒரு சுற்று சுற்றிவிட்டு மைக் செங்கொடியிடமே வந்து சேர்ந்தது.

அவள் கேட்க வேண்டியது ஒரு வீடு.

குப்பத்தில் கடலிலிருந்து மூன்றாவது வீடு அவர்களுடையது. முன்னால் இருந்த இரண்டையும் கடல் எப்போதோ விழுங்கியிருந்தது. போன மழைக்காலத்தில் அதுவும் போயிற்று. மாமியாரோடும் மகளோடும் ஒரு லேத் பட்டறைக்குப் பின்னால் ஒற்றை அறையில் ஒண்டியிருக்கிறாள். அதையும் இந்த மாதத்தோடு காலி செய்யச் சொல்லியாகிவிட்டது. இன்று வாயைத் திறந்து கேட்டால் படைக் குடியிருப்பில் இடம் கிடைக்கும். கர்னலும் மாற்றலாகிப் போகப்போகிறவர். அடுத்து வருகிறவர் எப்படியோ.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். செங்கொடி ஒரு வீட்டையே மறைத்திருந்தாள். பழைய வீட்டின் நீலத் திரைச்சீலையைக் கொண்டுவந்து அறைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தாள். பக்கத்தில் அதே புத்தர் படம். புருஷன் பகலவன் வீடியோவில் கூப்பிட்டால் அதன் முன்னால் உட்கார்ந்துதான் பேசுவாள். மாமியார்கூட அங்கே உட்கார்ந்துதான் மகனைச் சாப்பிட்டாயா என்று கேட்பாள்.

இப்போது பகலவன் திரையிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மண்டபம் முழுக்கப் பெண்கள். அவள் மைக்கை வாயருகே தூக்கினாள்.

"எதுவும் வேணாம் சார். எல்லாம் நல்லா கீது."

சொன்னதும் அவமானமாக இருந்தது. இதைச் சொல்லவா இத்தனை பேரை வேலை கெட்டு வரச் சொன்னோம் என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது. யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ரொம்ப சந்தோஷம்" என்று கர்னல் பேனாவை மூடினார்.

திரையில் பகலவன் குல்லாவைக் கழற்றிவிட்டு முன்னால் சாய்ந்தான்.

"இன்னாம்மே, மழ காலத்துலேர்ந்து நீ போன் பேசசொல்லோ அல சத்தமே கேக்க மாட்டேங்குது. நம்ம வூடு எங்க கீதுன்னு சாராண்ட சொல்லு."

 

அவன் பெஞ்சில் இருந்த மற்றவர்கள் யாரும் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. எல்லாரும் குனிந்து தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செங்கொடிக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. தெரிந்தேதான் இத்தனை மாதமும் வாராவாரம், வீட்டில் எல்லாம் சௌக்கியமா என்று கேட்டுக்கொண்டிருந்தானா.

"கடலு எட்த்துகினு பூட்ச்சுய்யா" என்றாள். கர்னலைப் பார்த்துச் சொல்ல வேண்டியதை அவனைப் பார்த்தே சொன்னாள்.

கர்னல் மூடிய பேனாவைத் திறந்தார்.

திரையில் பகலவனுக்குப் பக்கத்தில் இருந்த மெஹ்னாஸின் புருஷன் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் நகர்ந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மெஹ்னாஸ் எழுந்து நின்றாள்.