பழைய பம்பே போதும்

“புதுப் பம்பு வேண்டாமுங்க. இதையே ஓட வெச்சுக் குடுங்க,” என்றார் ஆறுமுகசாமி.

“கோபாலபுரத்துல பாதித் தோப்பு உங்களுது. ஒரு பம்புக்குப் பஞ்சப்பாட்டுப் பாடறீங்களே,” என்று சிரித்தான் மெக்கானிக் பிரதீப்.

நீச்சல் குளத்தில் பாசி படர்ந்து கிடந்தது. ஆள் இறங்கி நாளாகியிருக்க வேண்டும். சமையலறை வாசலில் அவர் மனைவி சரஸ்வதியம்மாள் தரையையே பார்த்தபடி நின்றிருந்தார்.

பிரதீப் குளத்துப் பம்பைப் பிரித்துக் காட்டினான். “மோட்டார் தண்டு பம்புக்குள்ள நுழையற எடத்துல சீல் இருக்குதுங்க. ஒரு பக்கம் பீங்கான், ஒரு பக்கம் கரி. ரெண்டும் ஒட்டிச் சுத்தற வரைக்கும் தண்ணி வெளிய வராது. இது தேஞ்சு கசிஞ்சதுல தண்ணி மோட்டாருக்குள்ள போயி, பேரிங் இறுகி நின்னுருச்சு. சீலையும் பேரிங்கையும் மாத்துனாப் போதும்.”

மாற்றிப் பூட்டி ஓடவிட்டான். வெளியே ஒரு சொட்டுக்கூட வரவில்லை.

ஆறுமுகசாமியின் முகம் வாடியது. “முன்ன மாதிரியே கொஞ்சம் கசிய வைக்க முடியுங்களா?”

“என்னங்க சொல்றீங்க?”

அவர் சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“கசியற தண்ணி இந்தப் பாதைக் கல்லுல அங்கங்க சின்னதாத் தேங்கி, ஊட்டு வாசல் வரைக்கும் போகுமுங்க. இந்தக் குளத்துல மூழ்கிப் போன எங்க பையன் ஈரக்காலோட வந்துட்டுப் போறான்னு நெனைச்சுத்தான் அவ சோத்துல கை வெச்சுட்டு இருந்தா. பம்பு நின்னதுலருந்து அவ பட்டினிங்க.”