அப்படியொரு மாடி இல்லை

கணினி வகுப்பில் சேர்ந்த மூன்றாவது வாரம், மகள் தன் முதல் புரோகிராமை லிஃப்ட் ஓட்டும் அப்பாவுக்காக எழுதினாள். எந்த மாடி என்று அது கேட்கும். ஒன்றிலிருந்து ஏழு வரை தட்டினால் "ஏறிக்கொள்ளுங்கள்" என்னும். வேறு எதைத் தட்டினாலும் "அப்படியொரு மாடி இல்லை" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடும்.

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நாற்பது என்று தட்டினார். இல்லை என்றது. மைனஸ் இரண்டு, இல்லை. தன் பெயரையே தட்டினார். அதுவும் இல்லை.

"என்னைவிடக் கறாரா இருக்கே!" என்று சிரித்துவிட்டு, எட்டு என்று தட்டினார்.

"ஏறிக்கொள்ளுங்கள்."

மகளுக்குச் சுருக்கென்றது. ஏழுக்கு மேல் கூடாது என்ற வரியைத் திரும்பப் படித்தாள். சரியாகத்தான் இருந்தது. அவளே எட்டைத் தட்டினாள். இல்லை என்றது. அப்பா தட்டினார். ஏறச் சொன்னது.

"உங்க கட்டடத்துல ஏழு மாடிதானேப்பா?"

"ஆமா, ஏழுதான்."

"அப்புறம் எதுக்கு எட்டு போட்டீங்க?"

"சில பேர் எட்டுன்னு கேப்பாங்கம்மா. கேட்டா கொண்டுபோய் விடுறதுதானே என் வேலை."

"அவங்க திரும்ப எப்படி வருவாங்க?"

அப்பா கொஞ்சம் யோசித்தார்.

"கீழ போகணும்னு அங்கேருந்து இதுவரைக்கும் யாரும் பெல் அடிச்சதில்லையே."